உள்ளங்கையில் சொலினாய்டு

தாராவிப் பட்டறையில் இசக்கி ஒரு பழைய காரின் கார்புரேட்டர் சொலினாய்டைச் சோதித்துக்கொண்டிருந்தான். கரண்ட் கொடுத்தால் ஊசி உள்வாங்கி பெட்ரோலுக்கு வழிவிடும். எடுத்தால் வழியை அடைத்து என்ஜினை நிறுத்திவிடும். பக்கத்துத் தகரக்கடைச் சத்தத்தில் அதன் 'டிக்' ஓசை காதில் விழாது என்பதால் உள்ளங்கையில் பொத்திப் பார்ப்பது அவன் வழக்கம்.

வயரைக் கழற்றிய பிறகும் அது கைக்குள் அடித்தது.

"கரண்டே இல்லண்ணே, அடிக்கி!"

அவனுடைய துடிப்புதானோ என்று, கூட வேலை பார்க்கும் நாகராஜ் அவன் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்த்தான். சொலினாய்டும் நாடியும் ஒன்றாகவே துடித்தன. ஒரு டிக் தவறியது. நாடியும் தவறியது.

"எலே, கீழ போடுல!"

"போட்டா நானும் நின்னுருவேனோண்ணே?"

இசக்கி மறுகையால் தன் நாடியைப் பிடித்துக்கொண்டான். டீ வந்தது. இசக்கி பொத்திய கையைத் திறக்கவில்லை, மறுகையை நாடியிலிருந்து எடுக்கவுமில்லை. நாகராஜ்தான் ஊதி ஊதிப் புகட்டினான்.