தையல்காரி கற்ற இங்கிலீஷ்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, ஊசிமுனை அளவு கதைதான் சொல்லப்போகிறேன்.

தாய் விட்டுப்போன தையற்கடை ஒன்றுதான் அந்தத் தையல்காரிக்குச் சொத்து. கடையைச் சாத்திவிட்டு வந்ததும், கடினமான இங்கிலீஷ் வார்த்தை ஏதாவது ஒன்றுக்குக் கணவனிடம் அர்த்தம் கேட்பாள்.

"கலிபிள்னா என்னங்க?"

"எதைச் சொன்னாலும் நம்புற ஆளு. உன்னை மாதிரி."

மறுநாள், "ரெலின்க்விஷ்னா?"

"உரிமையை விட்டுக்கொடுக்கிறது. சட்டைக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவளுக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்று சிரிப்பான். ஆனாலும் பெருமை பிடிபடாமல் விளக்குவான்.

ஒருநாள் தன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு கடைக்கு வந்து, ஒரு பத்திரத்தை அவளிடம் நீட்டினான்.

"கரண்டு கனெக்‌ஷன் மாத்தத்தான். இதுல ஒரு கையெழுத்துப் போடு."

அவள் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "போட மாட்டேன். எங்கம்மா கடையை யாருக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

அண்ணன் தம்பியை முறைத்தான். "நாம போன்ல பேசினதை இவளுக்கு யாருடா சொன்னது?"

"உங்க தம்பிதான் மாமா. எனக்குப் புரியாதுன்னு என் முன்னாடியே இங்கிலீஷ்ல பேசினாரு. காதுல விழுந்த வார்த்தையை எல்லாம் நாளுக்கு ஒண்ணா அவர்கிட்டயே அர்த்தம் கேட்டுக்கிட்டேன். நான் கலிபிள், ரெலின்க்விஷ் பண்ணிடுவேன்னு சொன்னாரே. ரெண்டும் தப்பு."

உங்கள் வீட்டில் என்றைக்கும் எல்லோருக்கும் புரிகிற பேச்சே நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.