டைரக்டர் விட்டுக்கொடுத்த பெருமை

"சார், மறுபடியும் 'நாங்க'ன்னு சொல்றீங்க. 'நான்'னு சொல்லுங்க," என்றாள் ஹேவோன்.

நாம்குங் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பழக்கதோஷம்மா. 'நான் செஞ்சேன்'னா மார் தட்டிக்கிற மாதிரி இருக்கு. நாலு பேர் சேர்ந்து செஞ்ச வேலைதானே?"

"நம்ம ஊர்ல அதுக்குப் பேர் அடக்கம். வெளிநாட்டுக்காரங்க கேட்டா, இந்த ஆளு சும்மா கூட்டத்துல நின்னவர்னு நினைப்பாங்க. உங்களுக்குப் பதவி உயர்வு வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். ரொம்பவே வேண்டும். கொரியாவின் இன்ச்சான் நகரில் வண்டி உதிரி பாகங்கள் வாங்கி ஏற்றுமதி செய்யும் அந்தக் கம்பெனியில் நாம்குங் வெகுகாலமாகத் துணை மேலாளர். இந்த முறையும் மேலாளர் ஆகாவிட்டால், 'விருப்ப ஓய்வு' என்று பூங்கொத்தைக் கையில் திணித்து வாசலைக் காட்டிவிடுவார்கள். அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பாதிப் பேர் இப்போது கடை போட்டுக் கோழி வறுக்கிறார்கள். அவர் மகள் இன்னும் காலேஜே முடிக்கவில்லை.

பதவி உயர்வுத் தேர்வு நடத்த வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எல்லாமே ஆங்கிலத்தில் என்று டைரக்டர் சொன்ன நாளிலிருந்து மனுஷருக்குத் தூக்கம் போயிற்று. நல்லவேளையாக, அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஹேவோன் வெளிநாட்டில் படித்தவள். தினமும் மதியம், மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பியதும், மீட்டிங் ரூமில் பாடம் நடக்கும். அவள் கேட்பாள், இவர் மனப்பாடம் செய்த பதிலை ஒப்பிப்பார்.

"சரி, இப்ப நான்தான் அந்த அதிகாரி," என்று நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு மாறினாள். "புதிய தொழிற்சாலையில் பிரேக் பேட் வாங்கலாம் என்று முடிவு செய்தது யார்?"

"நான் முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. விலையைப் பாதியாகக் குறைத்ததும் நானே." ஒரு மூச்சில் ஒப்பித்துவிட்டு, நாம்குங் கொரிய மொழிக்குத் திரும்பினார். "ஆனா இது பொய்யாச்சேம்மா. அந்தத் தொழிற்சாலையைப் பிடிச்சது நம்ம டைரக்டர். நான் ஃபைலைத் தூக்கிக்கிட்டுப் பின்னால போனவன்."

"அதனால என்னய்யா?" என்று வாசலில் குரல் கேட்டது. டைரக்டர் பாங் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார்.

நாம்குங் பதறி எழுந்தார்.

"உட்காரு, உட்காரு. நான் ஏற வேண்டிய இடத்துக்கு ஏறியாச்சு. அந்தப் பேரை இன்னும் நான் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்? நீ எடுத்துக்க. இத்தனை வருஷமா எனக்கு உழைச்சதுக்கு நான் குடுக்கறதா இருக்கட்டும்."

"சார், அவ்வளவு பெரிய பெருமையை நான் எப்படி..."

"வேண்டாம்னு சொல்லி என் முகத்துல கரியைப் பூசிடாதே."

மேலதிகாரி ஒருவர் தன் பெருமையைக் கீழே இருப்பவனுக்கு விட்டுக்கொடுப்பதை நாம்குங் கேள்விப்பட்டதுண்டு. கண்ணால் பார்த்ததில்லை. இடுப்பு மடங்கக் குனிந்தவருக்கு நிமிர மனம் வரவில்லை. கண் கலங்கிப் போயிருந்தது. அதற்குப் பிறகு 'நாங்கள்' என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை மதியம் தேர்வு முடிந்து வெளியே வந்தபோது அவருடைய காது இரண்டும் சிவந்திருந்தன.

"ஒரு வார்த்தை பிசகலம்மா. நீ கேட்டியே, அதே கேள்விங்க. அப்படியே கேட்டாங்க. நான் 'நான், நான்'னு பொளந்து கட்டிட்டேன். எங்க அப்பா இருந்திருந்தா, அகம் பிடிச்ச பயலேன்னு செவுள்லயே விட்டிருப்பார்."

"நல்லது சார். புரியாத கேள்வி ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. பஸ்ஸு, பஸ்ஸுன்னு என்னமோ கேட்டாங்க. நான் ஆபீசுக்கு எதுல வர்றேன்னு கேக்கறாங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன். முகத்தை ஒரு மாதிரியா வெச்சுக்கிட்டுக் கேட்டாங்க. அவங்க ஊர்ல பஸ் வசதி சரியில்லையோ என்னவோ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஹேவோன் சிரிக்கவில்லை.

"உனக்குத்தாம்மா நன்றி சொல்லணும். மேலாளரா வாங்கற முதல் சம்பளத்துல உனக்கும் டைரக்டருக்கும் மாட்டுக்கறி விருந்து. இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள், தெரியுமா? வழக்கம்போல பிறந்தநாளுக்குப் பொண்டாட்டி கடல்பாசி சூப் வெச்சா, நான் தொடக்கூட இல்ல. தேர்வன்னிக்கு அந்த வழவழப்பைக் குடிச்சா வழுக்கி விட்டு ஃபெயிலாயிடுவோம்னு சொல்வாங்களே. இப்ப போய்ச் சட்டியோட குடிக்கப் போறேன்."

டைரக்டர் அறைப் பக்கம் திரும்பி, மூடிய கதவுக்கே ஒரு கும்பிடு போட்டுவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார். பாவம், அவர் நடையில் இப்போதே ஒரு மேலாளர் மிடுக்கு வந்திருந்தது.

லிஃப்ட் கதவு மூடியதும் ஹேவோன் டைரக்டரின் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள்.

"என்னாச்சு?" என்றார் பாங்.

"சொல்லிட்டார் சார். தானே முடிவு பண்ணினேன், யாரையும் கேக்கலன்னு எல்லாத்தையும் சொல்லிட்டார்."

"அவன் தேர்வதிகாரின்னு நினைச்ச வக்கீலுங்க ரெக்கார்ட் பண்ணிக்கிட்டாங்கல்ல?"

"ஆமா சார்."

டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டார். "திங்கட்கிழமையிலிருந்து அவன் சீட்டுல நீ உக்காந்துக்க. அது சரி, நம்ம பிரேக் பிடிக்காம அவங்க ஊர் மலையில உருண்ட அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸைப் பத்திக் கேட்டிருப்பாங்களே? அதுக்கு என்ன சொன்னானாம்?"

ஹேவோன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"'யெஸ், யெஸ், வெரி குட்'னு அவங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னார் சார். கதவுக்கு வெளிய நின்னு நானே கேட்டேன்."