பாதுகாவலர் எண்

“எல்லாரும் அந்தச் செவப்புப் பட்டன ஒரு தடவ அமுக்குங்க,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி.

நான் அமுக்கவில்லை.

கலையரங்கில் மாணவிகள் மட்டும்தான் இருந்தோம். மேடையில் பதிவாளரும் விடுதிக் காப்பாளரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க சப்-இன்ஸ்பெக்டர் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்தார்.

“வீட்டுக்கு மெசேஜ் போகும். ஒடனே போன் வரும், பதறுவாங்க. ஒத்திகைதான்னு சொல்லிட்டு வச்சிருங்க. அம்புட்டுதான்.”

அந்தப் பட்டன் இருந்த பாதுகாப்புச் செயலியைச் செய்தது எங்கள் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை. அதில் பதிவு செய்யாதவர்களுக்கு ஆய்வக அனுமதி கிடையாது. பாதுகாவலர் எண் என்ற இடத்தில் அப்பா அல்லது அம்மாவின் எண்ணைத் தர வேண்டும். வேறு உறவுக்கு அதில் இடமில்லை.

நான் ‘அப்பா’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ரஃபியாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன்.

ரஃபியா என் அறைத்தோழி. இப்போது என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். அவளிடம்கூட இதை நான் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் குஜிலியம்பாறை பக்கம் கடலைக்காடு. சித்தப்பாக்கள் வேண்டாம் என்று சொல்லியும் என்னை எம்.எஸ்ஸி. சேர்த்துவிட்டார். பஸ் ஏற்றும்போது ஒன்று மட்டும் சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது ஒரு பேச்சு அவர் காதுக்கு வந்தால் அன்றைக்கே ஊருக்கு வந்துவிட வேண்டும்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம்.

போன மாதம் ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு நடந்து வந்த ஒரு அக்காவை எவனோ பைக்கில் வாசல்வரை பின்தொடர்ந்தான். அலுவலகம் பொறுப்பாக அவள் வீட்டுக்குத் தகவல் சொன்னது. மறுநாள் அவளுடைய அப்பாவும் மாமாவும் வாடகைக் காரில் வந்தார்கள். பெட்டியும் வாளியும் டிக்கியில் ஏறின. படிப்பு முடிய அவளுக்கு ஒரே ஒரு பருவம்தான் பாக்கி.

பைக்கில் வந்தவன் யார் என்று இன்னும் தெரியவில்லை. அந்தப் பாதையில் விளக்கும் எரியவில்லை. இருட்டுவதற்குள் பெண்கள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி மட்டும் உடனே வந்துவிட்டது. வேதிவினையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வருகிறோம்.

சப்-இன்ஸ்பெக்டர் மேடையிலிருந்து இறங்கி வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். எல்லோரும் குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அருகில் வந்ததும் நின்றார். என் திரையில் ‘அப்பா’ என்று இருந்தது.

“என்னம்மா, இன்னும் அமுக்கலையா? அப்பாகிட்ட அம்புட்டுப் பயமா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் நகரவில்லை. அமுக்கினால் ரஃபியாவின் கைப்பேசி அதிரும். இவர் கண்டுபிடித்துவிடுவார். மேடைக்குச் சொல்வார். அலுவலகப் பதிவேட்டில் இருக்கும் அப்பாவின் எண்ணை அவர்களே ஏற்றிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு நிஜமாகவே எவனாவது என் பின்னால் வந்தாலும் என்னால் இந்தப் பட்டனை அமுக்க முடியாது.

அவர் நகர்வதாக இல்லை. அமுக்கினேன்.

ரஃபியாவின் மடியில் கைப்பேசி அதிர்ந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். கைப்பேசியை வாங்கித் தாழ்ந்த குரலில் வாசித்தார்.

“உங்கள் மகள் முத்துப்பேச்சி ஆபத்தில் இருக்கிறார்.”

வாசித்துவிட்டு அவளைக் கேட்டார். “ஒனக்கு மக இருக்காளா?”

ரஃபியா ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இருக்கா மேடம். எதையும் வாயத் தொறந்து சொல்லாத மக.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அரங்கைப் பார்த்தார். இத்தனை பேரில் ஒருத்தியின் காதிலும் கைப்பேசி இல்லை. ஒரு வீட்டிலிருந்தும் அழைப்பு வந்திருக்கவில்லை.

“ஒருத்திகூட அமுக்கலையா?”

நான் ஒருத்திதான் அமுக்காமல் இருக்கிறேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவர் கைப்பேசியை ரஃபியாவிடம் திருப்பிக் கொடுத்தார்.

“அமுக்குங்கம்மா,” என்றார். “பரவால்ல.”

முதலில் எங்கோ முன்வரிசையில் அதிர்ந்தது. அப்புறம் எனக்குப் பின்னால். பிறகு மடிகளில், பைகளுக்குள், நாற்காலிக் கைப்பிடிகளில் என்று அரங்கம் முழுவதும் வண்டுக் கூட்டம் போல இரைந்தது. அத்தனையும் அந்த நான்கு சுவர்களுக்குள்தான்.

மேடையிலிருந்து பதிவாளர் ஒலிவாங்கியில் கேட்டார். “என்ன மேடம், எல்லார் வீட்டுக்கும் மெசேஜ் போயிருச்சா?”

சப்-இன்ஸ்பெக்டர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போக வேண்டிய எடத்துக்குப் போயிருச்சு சார்.”

பதிவாளர் கைதட்டினார். காப்பாளரும் தட்டினார். பிறகு நாங்கள் எல்லோரும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் கையில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது.

“உங்கள் மகள் தாஹிரா ஆபத்தில் இருக்கிறார்.”

தாஹிரா என்று எனக்கு யாரையும் தெரியாது. விடுதியின் வாட்ஸப் குழுவில் எல்லோருடைய எண்ணும் இருக்கிறது; அதிலிருந்துதான் என் எண்ணை எடுத்திருக்க வேண்டும். அந்தக் குழுவில் இதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாதவள் நான்.

முன்னால், மூன்றாவது வரிசையில், ஒருத்தி மட்டும் கைதட்டாமல் பின்னால் திரும்பி முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன்.