கதவில் ஒட்டிய சொல்

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கி, வாசற்கதவில் ஒட்டியிருக்கும் சீட்டை நகத்தால் நெம்புகிறார். "இத எடுத்துரட்டுமா சார்?" "ஐயோ, அதுல மட்டும் கை வைக்காதீங்க!" வீட்டுக்காரரான பஸ் டிரைவரின் குரல் காலிக் கூடத்தில் மோதித் திரும்பி வருகிறது. இவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன், போகிற அன்று ஒட்டிய சீட்டு அது. வேற்றுக்கிரகவாசிகள் பேசுவதற்கென்று சினிமாக்காரர்கள் உண்டாக்கிய கிளிங்கான் மொழி என்றால் அவனுக்குப் பைத்தியம். அந்த மொழியில் 'வீடு' என்றுதான் எழுதியிருப்பான் என்று நினைத்து, மூன்று வருடமாக அதைத் தொட்டுவிட்டே இவர் வேலைக்குப் படி இறங்குகிறார். இன்று பரணை ஒழிக்கும்போது அந்த மொழிச் சொற்களுக்கு அவன் அர்த்தம் எழுதிவைத்த நோட்டு கிடைத்திருக்கிறது. ஜன்னல் வெயிலில் பிடித்து, சீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறார். 'ஜுஹ்: நாம வாழற வீடு.' அது இல்லை. விரல் கீழே இறங்குகிறது. 'காச்: கட்டடம்.' அதேதான். புதுப் பெயிண்டின் நெடி கூடமெங்கும் நிற்கிறது. உள்ளே எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. "அப்படி என்ன சார் எழுதியிருக்கு?" சீட்டின் கிளம்பிய ஓரத்தை டிரைவர் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுகிறார். "சரியாத்தான் எழுதியிருக்கான். இருக்கட்டும்."