அப்பாவும் அம்மாவும்

“தேர்தலில் நிற்பவரின் அப்பாவும் அம்மாவும் இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.”

சட்ட அமைச்சர் முத்தாலே, அரசியல் சாசனத் திருத்தத்தை வாசித்து முடித்தார்.

“அம்மா எதுக்குய்யா?” என்றார் ஜனாதிபதி கசோண்டே. “அந்த எதிர்க்கட்சிக்காரனோட அப்பன்தானே காங்கோக்காரன்? அப்பாவை மட்டும் போடு, போதும்.”

“ரெண்டு பேரையும் போட்டாத்தான் பிடி இறுகும், தலைவரே. நீங்களே தயங்கினா ஜனங்க என்ன நினைப்பாங்க?”

ஜனாதிபதி அரைமனதாகத் தலையாட்டினார். திருத்தம் அமோகமாக நிறைவேறியது. எதிர்க்கட்சித் தலைவருக்குக் கதவு அடைபட்டது.

லுவாபுலா ஆற்றங்கரையில் வெற்றிக் கூட்டம். எதிர்க்கரை காங்கோ. ஜனாதிபதியின் முகம் அச்சடித்த கட்சித் துணியைச் சுற்றியிருந்த ஒரு மூதாட்டியை, முத்தாலே கைத்தாங்கலாக மேடையேற்றினார்.

ஜனாதிபதி பதறி எழுந்தார். “அம்மா! உன்னை யாரு இங்க வரச் சொன்னது?”

அவள் அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டாள்.

“கல்யாணப் பொண்ணா அக்கரையிலேருந்து படகுல வந்தேன். இன்னிக்கு என் மகன் நாட்டையே ஆள்றான்! பாருங்க, என் பொறந்த வீட்டு ஆளுங்க மொத்தமா வந்திருக்காங்க. படகு அனுப்பி அவங்களைக் கூட்டிட்டு வந்தது இந்த முத்தாலேதான். என் மகன் மேல அவ்வளவு விசுவாசம்!”

கட்சியின் அடுத்த வேட்பாளர் முத்தாலே, முதல் ஆளாகக் கைதட்டினார்.