வட்டப் பாதைப் பயணி

பொன்மலையில் பொம்மை ரயில் பிரியர்களுக்கான வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"தண்டவாளம் வட்டம். ரயில்ல உட்கார வைக்கிற பேசுற பொம்மைப் பயணிங்க என்னைக்காவது அதைக் கண்டுபிடிச்சிடுவாங்க. சுத்துக்கு ஒரு தடவை ஞாபகத்தை அழிச்சிடுங்க," என்றார் பேச வந்திருந்த சேவியர்.

ஜெசிந்தா கையை உயர்த்தினாள். இறந்துபோன கணவரின் குரலையும் நினைவையும் தன் ரயிலில் ஒரு கட்டைவிரல் உயரப் பொம்மைப் பயணிக்குள் வைத்திருந்தாள். ஒருநாளும் அழித்ததில்லை.

"எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சிட்டார் சார்."

"அய்யய்யோ! இறக்கி விடச் சொல்லிக் கத்துறாரா?"

"இல்ல சார். நான் குனிஞ்சு பார்த்தா, 'புது ஊர் என்ன அழகு ஜெசி!'ன்னு சிரிக்கிறார்."

"அப்ப தெரியலைன்னுதானேம்மா அர்த்தம்?"

"நான் நகர்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட, 'நமக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேணாம், பாவம்'னு சொல்றது என் காதுல விழுது. அழிச்சா இதுவும் சேர்ந்துதானே சார் போயிடும்?"