ஆறாவது புள்ளி

ஸோர்காவுக்கு நடந்தது பச்சை அநியாயம். வரைதாளில் ஒரே ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகியதற்காக, பயிற்சிக் கப்பலில் போகிறவர்கள் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்துவிட்டார் கேப்டன் ஷ்பீரோ.

நனைந்த மழைக்கோட்டோடு அவர் அறைக்குள் போய் நின்றேன்.

"செக்ஸ்டன்ட் கருவியில ஆறு தடவை சூரியனோட உயரத்தை அளந்திருக்கா. அஞ்சு புள்ளி ஒரே கோட்டுல நிக்குது. விலகின ஒண்ணைத் தள்ளிட்டு மிச்சத்தை எடுத்துக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தள்ளலாம். ஏன் தள்ளினோம்னு எழுதிட்டுத் தள்ளணும். மேகம் மறைச்சுதா, கை ஆடிச்சா... காரணம் தெரியாம தள்ளுறவ நாளைக்குக் கப்பலைப் பாறையில ஏத்துவா. உன் தோழி பதிவுப் புத்தகத்துல அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கா, அனிட்சா."

"கை ஆடவே இல்ல! பக்கத்துலயே நேரம் குறிச்சுக்கிட்டு நின்னவ நான். எங்க வேணும்னாலும் சாட்சி சொல்றேன்."

"அவகிட்ட மூணு தடவை காரணம் கேட்டேன். வாயைத் திறக்கலை." காபியைக் கலக்கினார். "நீ பேசாம வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

"படிச்சிருந்தா முதல் கேஸ் உங்க மேலதான்."

"போன மாசம் கவனக்குறைவுக்கு எச்சரிக்கை வாங்கியிருக்கே. இன்னொண்ணு வந்தா நீயும் வீட்டுக்குத்தான். போ."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

விடுதியில் ஸோர்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் காத்துக் கிடைத்த இடம். இனி மாமாவின் மத்தி மீன் டப்பா ஆலைதான் அவளுக்கு.

"கை ஆடிச்சுன்னு ஒரு பொய் எழுதித் தொலைக்க வேண்டியதுதானேடி?"

"அந்தப் புத்தகத்துல பொய் எழுத மாட்டேன்."

"அப்போ நிஜத்தை எழுது! உன் கை இம்மிகூட ஆடலைன்னு அவர்கிட்ட சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன். நாளைக்கு வகுப்பையே கூட்டிட்டுப் போறேன். காரணம் என்னன்னு மட்டும் சொல்லு!"

அவள் பெட்டியிலிருந்து வரைதாளை எடுத்தாள். ஆறாவது புள்ளியில் நகத்தை வைத்து, ஒரு கட்டம் இடது பக்கம் நகர்த்தினாள். நகம் சரியாகக் கோட்டில் போய் நின்றது.

தாளில் இடமிருந்து வலமாக ஓடுவது நேரம்; ஒரு கட்டம் என்றால் ஒரு நிமிடம்.

வெளியே மழை விடவில்லை. ஸோர்கா தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"கை ஆடலைன்னு நீயே சொல்லிட்டே. அப்புறம் மிச்சம், நீ கடிகாரம் பார்த்துக் குறிச்ச நேரம்தான். அதை எழுதியிருந்தா, இப்போ பெட்டி கட்டறது நீ."